வெட்டக் கொடுத்த காய்

2020 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘தி குயின்ஸ் கேம்பிட்’ தொடரின் ஏழாவது பகுதி, இறுதிப் பகுதி. கதை நடக்கும் ஆண்டு 1968. மாஸ்கோவில் உலகின் தலைசிறந்த ஆண் ஆட்டக்காரர்களுடன் மோதிக்கொண்டிருக்கிறாள் பெத் ஹார்மன் என்ற இளம் அமெரிக்கப் பெண். பெண் என்பதுதான் இவளிடம் உள்ள ஒரே புதுமை, ரஷ்யாவில் அதுவும் புதுமையல்ல என்கிறார் போட்டியின் வர்ணனையாளர். நோனா கப்ரிந்தாஷ்விலி என்று ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் பெண்கள் பிரிவின் உலகச் சாம்பியன், ஆண்களோடு ஆடியதே இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். கேமரா பார்வையாளர் வரிசையில் உள்ள ஒரு பெண்மீது ஒரு கணம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பெத் ஹார்மன் கற்பனை. நோனா கற்பனை அல்ல. 1941இல் ஜார்ஜியாவின் ஸுக்திதி நகரில் பிறந்தவர். 1962இல் எலிஸவேத்தா பைகோவாவை வென்று பெண்கள் உலகச் சாம்பியனானார். 1978 வரை பதினாறு ஆண்டுகள் அந்தப் பட்டத்தை வைத்திருந்தார். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில், 1963-64இல் சேலஞ்சர்ஸ் பிரிவை வென்றார். அடுத்த ஆண்டு அதே ஊரில் முதன்மைப் பிரிவில் ஆண் கிராண்ட்மாஸ்டர்களோடு ஆடினார். 1968க்குள் அவர் எதிர்கொண்ட ஆண்கள் குறைந்தது 59 பேர் என்று பின்னாளில் அவரது வழக்கு மனு கணக்குக் காட்டியது. அவர்களில் 28 பேரோடு ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஆடியிருக்கிறார். குறைந்தது பத்துப் பேர் கிராண்ட்மாஸ்டர்கள். 1977இல் அமெரிக்காவின் லோன் பைன் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1978இல், ‘பெண்’ என்ற முன்னொட்டு இல்லாத கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் ஆனார்.

ஆக, அந்த வர்ணனையாளர் சொன்னது பொய். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் கேட்ட பொய். அதை ஏன் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூலத்தில் இல்லாத பொய்

கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. தொடருக்கு மூலமான நாவலை வால்டர் டெவிஸ் 1983இல் எழுதினார். அதிலும் இதே இடத்தில் நோனாவின் பெயர் வருகிறது. இந்தப் போட்டியின் தரத்துக்கு அவர் வரமாட்டார் என்று குறைத்துச் சொன்னாலும், இந்த ரஷ்ய கிராண்ட்மாஸ்டர்களோடு அவர் பலமுறை மோதியிருக்கிறார் என்பதை நாவல் ஒப்புக்கொள்கிறது. அதாவது உண்மை எழுத்தாளர்களின் கைவசம் இருந்தது. அதை எடுத்துத் தலைகீழாக்கினார்கள்.

கதையின் தேவையைப் பார்த்தால் காரணம் புரியும். பெத் ஆண்களின் உலகத்துக்குள் நுழையும் முதல் பெண்ணாக இருந்தால்தான் கடைசிப் பகுதியின் வெற்றி பெரிதாகத் தெரியும். அவளுக்கு முன்பே ஒருத்தி அந்த வாசலைத் தாண்டியிருந்தால் ‘முதல்’ என்ற பட்டம் போய்விடும். ஆகவே முன்பு சென்றவளை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். கேம்பிட் என்பது, நல்ல நிலை கிடைப்பதற்காக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு காயை எதிரிக்கு வெட்டக் கொடுக்கும் உத்தி. கற்பனைப் பெண்ணின் வெற்றிக்காக இந்தத் தொடர் வெட்டக் கொடுத்தது ஓர் உண்மைப் பெண்ணை.

ஒருத்தியை உயர்த்த மற்றவர்களை மறைப்பது பெண்களைப் பற்றி எழுதுவதில் பழகிப்போன வழிதான். ‘இவள் மற்றப் பெண்களைப் போல இல்லை’ என்ற பாராட்டை வீட்டிலும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் கேட்டிருக்கிறோம். அந்தப் பாராட்டின் மறுபாதி, மற்றப் பெண்கள் எதற்கும் லாயக்கில்லை என்பது. ஒருத்தியை விதிவிலக்கு ஆக்கிவிட்டால் விதியை மாற்ற வேண்டியதில்லை. தொடர் முழுவதையும் பாருங்கள்: பெத்தின் முதல் போட்டியில் முதல் சுற்றில் எதிரே அமர்பவள் ஒரு பெண். அவளைத் தாண்டியபின் பெத்துக்கு எதிரே அமர்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். அவளுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பவரும் ஆண், பின்னாளில் பயிற்சி தருபவர்களும் ஆண்கள்தான். சதுரங்கம் தெரிந்த இன்னொரு பெண்ணோடு அவள் ஒரு நிலையை அலசுவதைக் காண முடிவதில்லை.

அவள் மாஸ்கோ போகப் பணம் தருவது அநாதை விடுதித் தோழியான ஜோலீன் என்ற கறுப்பினப் பெண். சட்டம் படிக்கச் சேர்த்து வைத்த பணம் அது. நான் உன்னைக் காக்க வந்த தேவதையல்ல என்ற பொருளில் ஜோலீனையே ஒரு வசனம் பேச வைக்கிறது தொடர். விமர்சனம் வரும் என்று தெரிந்து முன்கூட்டியே எழுதிவைத்த பதில் அது. ஆனால் கதையில் ஜோலீன் செய்வது அந்தத் தேவதையின் வேலையைத்தான். அவளுடைய சட்டப் படிப்பு என்ன ஆனது என்பதைக் காட்டத் தொடருக்கு நேரமில்லை.

ஆண்கள் இவ்வளவு நல்லவர்களா?

தொடருக்கு உரிய பாராட்டையும் சொல்லிவிட வேண்டும். சிந்திக்கும் ஒரு பெண்ணின் முகத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படைப்புகள் குறைவு. வெறித்தனமாக வெல்ல விரும்பும் பெண்ணை, அந்த வெறிக்காகத் தண்டிக்காமல் சொன்ன கதை இது. இதைப் பார்த்துச் சதுரங்கப் பலகை வாங்கிய சிறுமிகள் உண்டு. அதெல்லாம் உண்மை.

ஆனால் பெத்திடம் தோற்கும் ஆண்கள் கைகுலுக்குகிறார்கள், வியக்கிறார்கள், பிறகு அவளுக்கு உதவ வரிசையில் நிற்கிறார்கள். மாஸ்கோவுக்குத் தொலைபேசியில் அழைத்து நகர்த்தல்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தொடரைப் பார்த்த ஜூடித் போல்கர், அந்த ஆண்கள் அவளிடம் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று கருத்துச் சொன்னார். சொல்லத் தகுதி உடையவர் அவர். ஹங்கேரியில் பிறந்து, 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்தவர். உலகத் தரவரிசையில் எட்டாம் இடம்வரை சென்றவர்.

நிஜத்தில் நடந்தவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

1929, கார்ல்ஸ்பாட். முதல் பெண்கள் உலகச் சாம்பியனான வேரா மென்சிக் ஆண்களின் போட்டியில் ஆட அழைக்கப்பட்டார். அவரிடம் தோற்பவர்களை உறுப்பினராக்கி ஒரு சங்கம் தொடங்கலாம் என்று ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரர் கேலி செய்தார். சங்கத்தின் முதல் உறுப்பினர் பெக்கரேதான். பின்னாளில் ஆண்களின் உலகச் சாம்பியனான மாக்ஸ் ஆய்வேயும் மென்சிக்கிடம் இருமுறை தோற்றார். இன்றுவரை வேடிக்கைக் கதையாகவே இது சொல்லப்படுகிறது. யோசித்தால், ஒரு பெண்ணிடம் தோற்பது அவமானம் என்ற முன்முடிவு இல்லாமல் அந்த வேடிக்கைக்குப் பொருளே இல்லை.

1960களின் தொடக்கத்தில் பாபி ஃபிஷர், ஒரு குதிரையை விட்டுக்கொடுத்தே எந்தப் பெண்ணையும் தன்னால் வெல்ல முடியும் என்றார். நோனா உலகச் சாம்பியனான காலம் அது.

1986இல் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஒரு முடிவெடுத்தது. ஆடிக்கொண்டிருக்கும் எல்லாப் பெண்களுக்கும் 100 தரப்புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்தது, ஒரே ஒருத்தியைத் தவிர. அவர் சூசன் போல்கர், ஜூடித்தின் அக்கா. பெண்கள் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்களுடைய புள்ளிகள் தாழ்ந்து கிடக்கின்றன, சூசன் ஆண்களோடு ஆடிப் பெற்ற புள்ளிகளுக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். விளைவு, 1987 ஜனவரிப் பட்டியலில் சூசன் முதலிடத்தை இழந்தார். ஆண்களோடு ஆடாதவள் என்று நோனாவைத் தாழ்த்தியது தொடர். ஆண்களோடு ஆடியவள் என்பதற்காகச் சூசனுக்குப் புள்ளிகளை மறுத்தது கூட்டமைப்பு. எந்தப் பக்கம் போனாலும் முட்டும் சுவர் இது.

2015இல் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட், ஆண் மூளையும் பெண் மூளையும் வேறுவேறாக அமைந்தவை, அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு சதுரங்க இதழில் எழுதினார். அவரும் ஜூடித்தும் ஆடிய நீள்நேர ஆட்டங்களில் ஜூடித் வென்றவை எட்டு, ஷார்ட் வென்றவை மூன்று, சமன் ஐந்து. எட்டு முறை தோற்ற பிறகும் அவருடைய கருத்து அசையவில்லை.

தொடர் சொல்லும் பொய்களில் இதுவே பெரியது என்று நினைக்கிறேன். வென்றால் மரியாதை தானாக வரும் என்று அது நம்ப வைக்கிறது. மென்சிக் வென்றார், நோனா வென்றார், ஜூடித் வென்றார். ஒவ்வொரு தலைமுறையிலும் கேள்வி மறுபடி முதலிலிருந்து கேட்கப்பட்டது. அதைவிட முக்கியமானது: மரியாதையை வெற்றிக்குப் பரிசாக வைப்பதே தவறு. 1400 தரப்புள்ளியோடு மாவட்டப் போட்டியில் தோற்றுவிட்டு வரும் பையனிடம் ‘ஆண்களுக்கு இது வருமா’ என்று எவரும் கேட்பதில்லை. சுமாராக ஆடும் உரிமை அவனுக்கு இருக்கிறது. சமத்துவம் என்றால் அந்த உரிமையும் சேர்ந்துதான்.

நான்கு பெண்களின் படம்

அதே 2020இல் நோனாவைப் பற்றி இன்னொரு படமும் வந்தது. தாத்தியா ஸ்கிர்த்லாட்ஸே இயக்கிய ‘குளோரி டு தி குயின்’ என்ற ஆவணப்படம். நோனா, நானா அலெக்ஸாண்ட்ரியா, மையா சிபுர்தானிட்ஸே, நானா யொசெலியானி என்ற நான்கு ஜார்ஜிய ஆட்டக்காரர்களைப் பற்றியது. நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்தவர்களில் மிகச் சிறிய பங்கினரே இதைப் பார்த்திருப்பார்கள்.

தலைப்பில் ஒரே ஒரு ராணி. படத்தில் நான்கு பேர். 1978இல் நோனாவின் பட்டத்தைப் பறித்தவர் 17 வயது மையா. அவரும் ஜார்ஜியர், அவரும் பின்னர் கிராண்ட்மாஸ்டர். ஒருத்தி வென்றதால் ஊரில் சிறுமிகளுக்குப் பயிற்சியாளர்கள் கிடைத்தார்கள். திபிலிசியில் சதுரங்கத்துக்கென்றே ஒரு மாளிகை எழுந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு சின்னஞ்சிறு ஜார்ஜியா 1992, 1994, 1996 ஆகிய மூன்று ஒலிம்பியாட்களிலும் தொடர்ந்து பெண்கள் பிரிவில் தங்கம் வென்றது. சோவியத் அரசு இந்தப் பெண்களைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு திறமை எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு நெட்ஃபிளிக்ஸ் தொடரைவிட இந்த வரலாற்றில் சரியான பதில் இருக்கிறது. பயிற்சியும் பணமும் கூட ஆட இன்னொரு பெண்ணும் வேண்டும். இரவில் கூரையில் தானாகத் தோன்றும் காய்கள் போதாது.

தனிப் பட்டம் வேண்டுமா?

இந்த இடத்தில் மாணவிகள் வழக்கமாக எழுப்பும் கேள்வி ஒன்று: மூளையால் ஆடும் ஆட்டத்தில் பெண்களுக்குத் தனிப் பிரிவு எதற்கு? எண்களைப் பார்த்தால் கேள்வியின் கனம் தெரியும். கிராண்ட்மாஸ்டராக 2500 தரப்புள்ளி வேண்டும். பெண் கிராண்ட்மாஸ்டராக 2300 போதும். பொதுப் பிரிவில் 2300க்குக் கிடைப்பது, கிராண்ட்மாஸ்டருக்கு இரண்டு படி கீழே உள்ள ஃபிடே மாஸ்டர் பட்டம். பெயரில் உயர்வு, அளவில் தாழ்வு. இந்தப் பட்டங்கள் பெண்களிடம் குறைவாக எதிர்பார்க்கக் கற்றுத்தருகின்றன என்பது ஜூடித் போல்கரின் நிலைப்பாடு.

மறுபக்கமும் இருக்கிறது. ஃபிடே தரப்பட்டியலில் பெண்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில், தனிப் போட்டிகள்தாம் ஒரு பெண்ணுக்குப் பரிசுப் பணத்தையும் பயண வாய்ப்பையும் தருகின்றன. சிறு வயதில் ஆட்டத்தை விட்டுவிடாமல் தக்கவைப்பவையும் அவைதாம். 2009இல் ஜெர்மன் தரப்பட்டியலை வைத்துச் செய்த ஆய்வொன்று, உச்சத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள இடைவெளியின் மிகப் பெரும் பகுதியை எண்ணிக்கை வித்தியாசமே விளக்கிவிடுகிறது என்றது. அந்த ஆய்வுக்கு மறுப்புகளும் எழுதப்பட்டன. ஆனால் ஏன் இவ்வளவு குறைவான சிறுமிகள் ஆட வருகிறார்கள், வந்தவர்கள் ஏன் போய்விடுகிறார்கள் என்ற கேள்வியை மறுப்பவர்களாலும் தள்ளிவிட முடியவில்லை.

போய்விடுவதற்கான காரணங்களைப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். 2023இல் அமெரிக்க ஆட்டக்காரர் ஜெனிஃபர் ஷஹாடே, தமக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பெயர் சொல்லி வெளிப்படுத்தினார். அதே ஆண்டு பிரான்சில் பெண் ஆட்டக்காரர்கள் தொடங்கிய பகிரங்கக் கடிதத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பயிற்சியாளரும் மாணவியும் வெளியூர் விடுதிகளில் தங்கி ஆட வேண்டிய விளையாட்டு இது. கூட்டமைப்பு தன் பங்குக்கு 2021இல் பெண்கள் சதுரங்கத்துக்கு ஒரு புரவலரைப் பிடித்தது. மார்பகப் பொருத்திகள் தயாரிக்கும் நிறுவனம் அது.

ஆகவே தனிப் பிரிவை ஒழிப்பது இப்போதைய முதல் வேலை அல்ல என்பது என் கருத்து. முதல் வேலை பணமும் பாதுகாப்பும். 2024இல் டொரண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டிகள் ஒரே கூரையின்கீழ் நடந்தன. பொதுப் பிரிவின் பரிசுத்தொகை ஐந்து லட்சம் யூரோ, பெண்கள் பிரிவுக்கு இரண்டரை லட்சம். அதே ஆண்டு நார்வே செஸ் போட்டி இரு பிரிவுகளுக்கும் சமமான தொகையை அறிவித்து நடத்தியும் காட்டியது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அது போதும்.

நம் ஊர் வர்ணனையாளர்கள்

நோனாவை ஒரு வசனத்தில் தள்ளிவிட்ட அமெரிக்கத் தொடரைக் குறை சொல்லும்போது நம் செய்தித்தாள்களையும் திறந்து பார்க்க வேண்டும். தமிழகத்தின் பெருமையான விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுத்தந்தவர் அவருடைய தாய் சுசீலா. இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை 2001இல் பெற்றவர் சென்னையின் எஸ். விஜயலட்சுமி. அந்தப் பெயரைச் சொன்னதும் அடையாளம் காணும் கல்லூரி மாணவிகள் எத்தனை பேர்?

ஆர். வைஷாலியின் கதை அண்மையில் நடந்தது. பிரக்ஞானந்தாவைவிட நான்கு வயது மூத்தவர். வீட்டில் முதலில் சதுரங்கம் ஆடத் தொடங்கியவர் அவர்தான். அதைப் பார்த்துத் தம்பி வந்தான். ஆனால் செய்தியில் நெடுநாள் அவர் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’. 2023இல் அவரும் கிராண்ட்மாஸ்டரானார்; கொனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லிக்குப் பிறகு மூன்றாவது இந்தியப் பெண். உலகிலேயே முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் என்றது செய்தி. அதுவும் குடும்பக் கணக்குதான். டொரண்டோவில் அவர் கடைசி ஐந்து சுற்றுகளையும் தொடர்ந்து வென்றதையும், 2023, 2025 இரண்டிலும் பெண்கள் கிராண்ட் சுவிஸ் பட்டத்தை வென்றதையும் அவருடைய ஆட்டமாக எழுத நமக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

2023இல் பாகுவில் எடுக்கப்பட்ட அவர்களுடைய அம்மா நாகலட்சுமியின் புகைப்படம் நாடெங்கும் பரவியது. பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக அடுப்பும் பாத்திரமும் சுமந்து நாடு நாடாகப் போகும் தாய் என்று கொண்டாடினோம். கண்ணில் நீர் வரவைக்கும் படம்தான். ஆனால் அதை ‘தியாகம்’ என்று பெயரிட்டவுடன் அது உழைப்பு என்பது மறைந்துபோகிறது. ஓர் அணியின் மேலாளரும் சமையல்காரரும் துணையாளரும் சேர்ந்து செய்யும் வேலையைச் சம்பளமின்றி ஒருவர் செய்துவந்திருக்கிறார்.

உடலைப் பற்றிய பேச்சு வேறு. 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸே போட்டி முடிந்ததும், 18 வயது திவ்யா தேஷ்முக் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதினார். தன் உடை, முடி, பேச்சின் தொனி என எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள், நான் நன்றாக ஆடிய ஆட்டங்களைத் தவிர என்பது அவருடைய வருத்தம். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஹரிகா நிறைமாத வயிற்றோடு ஆடி அணிக்கு வெண்கலம் பெற உதவினார். அவருடைய மனவுறுதியைப் பாராட்டியவர்கள் பலர். கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் ஒரு பெண் விடுப்பு எடுத்தால் அவளுடைய வருமானம் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் சிலரே.

நோனா 80 வயதில், 2021 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கேட்ட இழப்பீடு ஐம்பது லட்சம் டாலர். இது கற்பனைக் கதை, கருத்துச் சுதந்திரம் எங்களைக் காக்கும் என்று நெட்ஃபிளிக்ஸ் வாதிட்டது. கற்பனைக்குள் வந்தாலும் உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய அவதூறுக்குப் பொறுப்பு உண்டு என்று கூறி, வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி 2022 ஜனவரியில் மறுத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

2025 ஜூலையில் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதிச் சுற்று நோனாவின் நாட்டில், ஜார்ஜியாவின் பாத்துமி நகரில் நடந்தது. ஒருபக்கம் 38 வயது கொனேரு ஹம்பி; 2017இல் மகளைப் பெற்று, இடைவெளிக்குப் பின் திரும்பிவந்து 2019இலும் 2024இலும் உலக ரேபிட் பட்டத்தை வென்றவர். மறுபக்கம் 19 வயது திவ்யா. வென்ற திவ்யாவுக்குக் கோப்பையோடு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் கிடைத்தது. நாளை யாராவது இதைப் படமாக எடுப்பார்கள். அப்போது திவ்யாவை உயர்த்த ஹம்பியை எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள்.